சேர்ந்து நடப்போம், பேசிக்கொண்டே நடப்போம்: குழு நடைப்பயிற்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் காலையிலும் மாலையிலும் சேர்ந்து நடக்கிற சிறு குழு எங்களுடையது. ஓய்வுபெற்றவர்கள், இல்லத்தரசிகள், கடைக்காரர்கள், இரவுப்பணி முடித்துவிட்டு நேரே நடைக்கு வரும் ஒரு செவிலியர் என்று பலதரப்பட்டவர்கள் இதில் இருக்கிறார்கள். பதிவு எண், பெயர்ப்பலகை எதுவும் கிடையாது. சேர நினைப்பவர்களும் தங்கள் ஊரில் இதுபோல ஒன்றைத் தொடங்க நினைப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். மருத்துவம் சார்ந்த இடங்களில் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்டதை மட்டும் சொல்கிறோம். உங்கள் உடம்புக்கு எது சரி என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தனியாக நடந்தாலும் அதே உழைப்புதானே? கூட்டம் எதற்கு?

கால்களைப் பொறுத்தவரை அதே உழைப்புதான். வித்தியாசம் மறுநாள் காலையில் தெரியும். அலாரம் அடிக்கிறது, வெளியே தூறல், போர்வைக்குள் கதகதப்பு. தனியாக நடப்பவர் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை, திரும்பிப் படுத்துவிடுவார். ஜனவரி முதல் வாரம் ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் தோளோடு தோள் இடிக்கும். பொங்கல் முடிவதற்குள் புதுமுகங்களில் பாதிப் பேரைக் காணோம். முக்கில் ஒருவர் நமக்காக நின்றுகொண்டிருப்பார் என்று தெரிந்தால் மட்டும் எப்படியோ எழுந்துவிடுகிறோம்.

இதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். வெளியிடங்களில் குழுவாக நடந்தவர்களைப் பற்றிய 42 ஆய்வுகளை இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகத்தினர் ஒன்றுசேர்த்து அலசி, 2015இல் முடிவை வெளியிட்டார்கள். மொத்தம் 14 நாடுகள், 1,843 பேர். மேல் ரத்த அழுத்தம் சராசரியாக 3.7 புள்ளியும் கீழ் அழுத்தம் 3.1 புள்ளியும் இறங்கியிருந்தன. ஓய்வாக இருக்கும்போதைய நாடித்துடிப்பு, உடல் கொழுப்பு, மனச்சோர்வு மதிப்பெண் ஆகியவையும் குறைந்திருந்தன. நான்கு புள்ளிகூட இல்லையே என்று உதட்டைப் பிதுக்க வேண்டாம். கூடுதல் மாத்திரை இல்லாமல், பக்கவிளைவு என்று சொல்லும்படி எதுவும் இல்லாமல் கிடைத்தது அது. பெரும்பாலோர் பாதியில் விட்டுவிடவில்லை என்பதையும் அந்த ஆய்வு குறிப்பிடுகிறது. எங்களைக் கேட்டால் அதுதான் பெரிய செய்தி.

ஜப்பானின் ஐச்சி பகுதி முதியவர்களை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த இன்னோர் ஆய்வு 2012இல் வெளியானது. குழுவில் சேர்ந்து உடற்பயிற்சி செய்தவர்களைவிட, தனியாகச் செய்தவர்கள் பிறர் உதவியின்றி இயங்க முடியாத நிலைக்குப் போவது அதிகமாக இருந்தது. நலமாக இருப்பவர்கள்தானே குழுக்களில் சேருவார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வயது, நோய் போன்றவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் வித்தியாசம் மிஞ்சியது.

தனிமை மனசு சம்பந்தப்பட்டது. அதை ஏன் உடல்நலக் கணக்கில் சேர்க்கிறீர்கள்?

நாங்கள் சேர்க்கவில்லை, உலக சுகாதார நிறுவனமே சேர்த்திருக்கிறது. சமூகத் தொடர்பு பற்றி அது அமைத்த ஆணையம் 2025 ஜூனில் அறிக்கை தந்தது. உலகில் ஆறில் ஒருவர் தனிமையுணர்வால் பாதிக்கப்பட்டிருக்கிறார். ஆண்டுக்கு 8,71,000 மரணங்களுக்கு அதனுடன் தொடர்பு இருக்கிறது. மணிக்கு நூறு பேர் என்று ஆகிறது. அதற்கு முன்பே, 2010இல், மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோரை உள்ளடக்கிய 148 ஆய்வுகளை அமெரிக்க ஆய்வாளர்கள் தொகுத்துப் பார்த்தார்கள். நல்ல உறவுகள் வாய்த்தவர்கள் உயிர்பிழைத்திருக்கும் வாய்ப்பு 50 விழுக்காடு அதிகம் என்று தெரிந்தது. பிரிட்டன் 2018இல் தனிமையைக் கவனிக்கவே ஓர் அமைச்சரை நியமித்தது.

தனிமையில் தூக்கம் கெடும், ரத்த அழுத்தம் ஏறும், மாத்திரையை நேரத்துக்குப் போடத் தோன்றாது, தனக்கு மட்டும் சமைக்க அலுப்பாக இருக்கும். இரண்டு வேளை மோர்சாதத்தில் ஓட்டிவிடுகிற எத்தனை பேரை நமக்கே தெரியும்!

வீடு நிறைய ஆட்கள் இருக்கிறார்கள். எனக்குத் தனிமை எங்கே இருக்கிறது?

இல்லாமல் இருக்கலாம், நல்லதுதான். ஆனால் வீட்டில் ஐந்து பேர் ஐந்து கைபேசியோடு உட்கார்ந்திருக்க, "சாப்பிட்டாயிற்றா, மாத்திரை போட்டாயிற்றா" என்ற இரண்டு கேள்விகளோடு ஒரு நாள் முடிந்துவிடுவதும் உண்டு. தனியாக வசிப்பவர்களில் சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். கூட்டுக்குடும்பத்தில் சிலர் வாடிப்போயிருக்கிறார்கள். தலைகளை எண்ணி இதைக் கண்டுபிடிக்க முடியாது. உங்கள் வயதொத்த ஒருவரிடம் இந்த வாரம் அரை மணி நேரம் பேசினீர்களா என்று யோசித்துப் பாருங்கள்.

நடந்துகொண்டு பேசுவதற்கும் உட்கார்ந்து பேசுவதற்கும் என்ன வித்தியாசம்?

எதிரெதிரே உட்கார்ந்தால் முகத்தைப் பார்க்க வேண்டும், முகத்துக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். இடையில் மௌனம் விழுந்தால் சங்கடம். பக்கத்தில் நடந்தால் இருவர் கண்ணும் பாதையில் இருக்கும். பேச்சு அறுந்தாலும் கால் போய்க்கொண்டே இருப்பதால் யாருக்கும் அது பாரமாகத் தெரிவதில்லை. அழுகை வந்தால் வலப்பக்க மரத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் குழுவில் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் இருக்கிறார். சேர்ந்த நாளிலிருந்து அவர் பேசியதெல்லாம் வண்டி மைலேஜ், மின்கட்டணம், பவானிசாகர் அணையின் நீர்மட்டம் இவ்வளவுதான். ஒருநாள் வாலாங்குளத்துக் கரையில் போய்க்கொண்டிருக்கும்போது, அணைக் கதைக்கு நடுவிலேயே, குரல் மாறாமல், "தீபாவளிக்கு அப்புறம் பையன் பேசவில்லை சார்" என்றார். கூட வந்தவர் "ஏன், என்ன ஆயிற்று?" என்று கேட்கவில்லை. "ம்" என்றார். இருவரும் நடந்தார்கள். சற்றுத் தூரம் போன பிறகு மீதியையும் அவரே சொன்னார். வரவேற்பறை சோபாவில் காபியை நீட்டி உட்கார வைத்துக் கேட்டிருந்தால் மறுபடி மைலேஜுக்குப் போயிருப்பார்.

ஆண்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். அலுவலகம் என்ற ஒன்று போனவுடன் அவர்களுக்குப் பேச்சும் போய்விடுகிறது. பெண்கள் வாசல் தெளிக்கிற நேரத்தில்கூட எதிர்வீட்டோடு நாலு வார்த்தை பேசிவிடுகிறார்கள்.

எவ்வளவு வேகமாக நடக்க வேண்டும்?

பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது. மிதமான உடற்பயிற்சியை அளக்க மருத்துவர்களே சொல்லும் அளவுகோல் இதுதான், கைக்கடிகாரம் வேண்டாம். எண்ணிக்கை வேண்டுமென்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய நூறு அடி. மூச்சிரைத்து ஒரு வாக்கியத்தைக்கூட முடிக்க முடியாவிட்டால் வேகம் அதிகம். கச்சேரியே செய்யலாம் போல இருந்தால் கொஞ்சம் எட்டிப் போடுங்கள். பேச்சை வைத்தே வேகத்தை அறிந்துகொள்ளலாம் என்பதால் குழுவாக நடப்பவர்களுக்கு இது தானாகவே அமைந்துவிடுகிறது.

பத்தாயிரம் அடி நடந்தே ஆகவேண்டுமா?

வேண்டாம். டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு அடுத்த ஆண்டு, 1965இல், ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பிரபலமான எண் அது. சராசரி வயது 72 உள்ள பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை ஆராய்ந்து 2019இல் வெளியிட்டார்கள். நாளுக்கு 4,400 அடி நடந்தவர்களிடமே மரண விகிதம் கணிசமாகக் குறைந்திருந்தது. 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் பெரிதாகத் தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு. தினம் அரை மணி, வாரம் ஐந்து நாள் என்றால் கணக்குச் சரியாகிவிடும்.

வீட்டு வேலையிலேயே நாள் முழுதும் நடக்கிறேன். அது போதாதா?

அதுவும் கணக்கில் சேரும். எந்த அசைவும் பயனுள்ளதே, தொடர்ந்து பத்து நிமிடமாவது செய்தால்தான் உண்டு என்ற பழைய நிபந்தனை இப்போது இல்லை. 2020 வழிகாட்டுதலில் அதை எடுத்துவிட்டார்கள். ஆனால் அடுப்படிக்கும் துணி காயப்போடும் கொடிக்கும் நடுவில் நடப்பதில் மூச்சு அவ்வளவாக ஏறாது, பேச்சுத்துணையும் இல்லை. வேலை செய்த களைப்பு வேறு, நடந்துவிட்டு வருகிற களைப்பு வேறு என்பதை வந்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள்.

காலை ஐந்தரைக்குப் பெண்கள் எப்படி வர முடியும்?

முடியாது. இந்த ஊரில் பல குழுக்கள் ஆண்கள் குழுவாகவே இருப்பதற்குக் காரணம் அதுதான். டிபன் தயாராவதும் டப்பா கட்டுவதும் அந்த நேரத்தில்தான். அதிகாலை நடை ஆரோக்கியம் என்று மேடையில் பேசுகிறவர்கள், அந்த வேளையில் தங்கள் வீட்டு அடுப்படியில் யார் நிற்கிறார் என்று எட்டிப்பார்க்கலாம்.

பிள்ளைகளைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிய கையோடு, அதே முனையிலிருந்தே கிளம்புகிற எட்டேகால் நடை ஒன்று எங்களிடம் உண்டு. உடை மாற்ற வேண்டியதில்லை, இரண்டாம் முறை வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியதில்லை. மாலை ஐந்து மணிக்கு இன்னொன்று. புடவையில் வருகிறவர்கள் கொசுவத்தைக் கொஞ்சம் உயர்த்திச் செருகிக்கொண்டால் தடுக்காது. கணவரை இழந்த பிறகு வெளியே வரத் தயங்குகிறவர்களை நாங்கள் வீட்டுக்குப் போய் அழைத்துவருகிறோம். "இத்தனை சீக்கிரமா?" என்று உறவினர் யாராவது கேட்டால், அவர் தனியாக இல்லை, ஐந்து பெண்களோடுதான் போகிறார் என்பதே போதுமான பதிலாக இருந்திருக்கிறது.

மொட்டைமாடியில் எட்டுப் போட்டு நடக்கிறேனே?

நடங்கள். மழைநாளுக்கு நல்ல ஏற்பாடு. எட்டு வடிவத்துக்கென்று தனி மருத்துவ குணம் இருப்பதாகச் சுற்றுகிற செய்திகளுக்கு மட்டும் வலுவான ஆதாரம் கிடையாது. நேர்கோட்டில் நடந்தாலும் அதே நன்மைதான். தலைசுற்றல் உள்ளவர்கள் குறுகிய வளைவுகளைத் தவிர்க்க வேண்டும். மொட்டைமாடியில் இன்னொரு குறை, அங்கே தண்ணீர்த்தொட்டி தவிர வேறு துணை இல்லை. பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டுப் பாருங்கள்.

கூழாங்கல் பாதையில் வெறுங்காலோடு நடப்பது நல்லதா?

சர்க்கரை நோயாளிகள் கூடவே கூடாது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் சொன்னது. அவர்களில் பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருப்பது அவர்களுக்கே தெரியாது. கல் குத்தியது தெரியாது, வெயிலில் வெந்த தரை சுட்டது தெரியாது. புண் பழுத்த பிறகுதான் தெரியும். பூங்காவில் அப்படிப் பாதை போட்டு வைத்திருக்கிறார்களே என்பது ஒரு காரணம் ஆகாது. குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் வார் வைத்த செருப்போ சாதாரண ஷூவோ போதும், ஹவாய் செருப்பு வேண்டாம். வீட்டுக்குப் போனதும் உள்ளங்காலை ஒருமுறை பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம்.

சர்க்கரைக்கு மாத்திரை, ஊசி எடுத்துக்கொள்கிறேன். வெறும் வயிற்றில் வரலாமா?

இன்சுலினோ, சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். நடக்கும்போது சர்க்கரை தாழ்ந்துபோனால் வியர்க்கும், கை நடுங்கும், படபடக்கும், பேச்சு குழறும். பக்கத்தில் வருபவர் இதைக் கவனித்துவிட முடியும் என்பது சேர்ந்து நடப்பதன் இன்னொரு லாபம். உடனே நிறுத்தி, மூன்று தேக்கரண்டி சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் உட்காரவைத்துப் பார்க்க வேண்டும். எங்கள் ஆட்களில் இரண்டு பேர் சட்டைப்பையில் எப்போதும் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கும்.

காலையில் முடியாதவர்களுக்கு ஒரு செய்தி. நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே மூச்சாக அரை மணி நடப்பதைவிட, மூன்று வேளையும் சாப்பிட்ட பிறகு பத்துப் பத்து நிமிடம் நடந்தபோது உணவுக்குப் பிந்தைய சர்க்கரை நன்றாகக் குறைந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் தெருமுனைவரை இரண்டு வீட்டுக்காரர்கள் சேர்ந்து நடந்துவருவது நம் ஊர்களில் பழகிய வழக்கம்தான். தொலைக்காட்சித் தொடர்கள் அதைத் தின்றுவிட்டன.

மூட்டுவலி இருக்கிறது. நடந்தால் தேய்மானம் கூடாதா?

தேய்மானம் அதிகமாகாது. மூட்டைத் தாங்குகிற தொடைத்தசை வலுவிழந்தால்தான் வலி கூடும். சமதளத்தில் ஐந்து நிமிடத்தில் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள். ஏற்ற இறக்கமும் படிகளும் முதலில் வேண்டாம். நடக்கையில் கொஞ்சம் வலித்து, சிறிது நேரத்தில் தணிந்துவிட்டால் பரவாயில்லை. மறுநாளும் வீங்கியிருந்தால் மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சில் அழுத்தம், இடதுகைக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமில்லாத மூச்சுத்திணறல் என்றால் அங்கேயே உட்கார்ந்து 108ஐ அழைக்க வேண்டும். வாயுப்பிடிப்பாக இருக்கும் என்று சோடா தேடிப்போகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

என்னால் மெதுவாகத்தான் நடக்க முடியும். மற்றவர்களுக்குத் தொந்தரவாக இருக்காதா?

இருக்காது, ஏனென்றால் நாங்கள் தூரத்தை வைத்து நடப்பதில்லை, நேரத்தை வைத்து நடக்கிறோம். குளக்கரையில் எல்லோரும் ஒன்றாகக் கிளம்புவோம். வேகமானவர்கள் முன்னால் போய்விடுவார்கள். பதினைந்தாவது நிமிடம் ஒருவர் விசில் அடிப்பார். எங்கே நிற்கிறார்களோ அங்கேயே எல்லோரும் திரும்ப வேண்டும். இப்போது கடைசியில் இருந்தவர்தான் முதல் ஆள். முன்னால் பறந்தவர்கள் பின்னாலிருந்து வந்து சேர்வார்கள். கிளம்பிய இடத்துக்கு அனேகமாக எல்லோரும் ஒரே சமயத்தில் வந்துவிடுவோம். யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை, யாரும் பின்தங்கவுமில்லை. ரேஸ்கோர்ஸ் போன்ற வட்டப்பாதையில் இது நடக்காது. சுற்று ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர் என்பதால் பாதியில் விட்டவர் அம்போவென்று நிற்க வேண்டிவரும். அதனால் புதியவர்களைக் குளக்கரைக்கே வரச்சொல்கிறோம்.

இரண்டிரண்டு பேராகத்தான் போவோம். நான்கு பேர் கைகோத்தாற்போல் பாதையை அடைத்துக்கொண்டு போனால் மற்றவர்களின் சாபத்தை வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டும். திரும்பும்போது ஜோடி மாறுவோம். இல்லாவிட்டால் சம்பந்திகள் இருவர் ஆண்டு முழுதும் தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டிருப்பார்கள்.

காது சரியாகக் கேட்காது. வந்து என்ன பேசப்போகிறேன்?

கூட்டங்களிலிருந்து முதியவர்கள் ஒதுங்குவதற்கு இது பெரிய காரணம், ஆனால் வெளியே சொல்ல மாட்டார்கள். நடையில் சமாளிப்பது சுலபம். எந்தக் காது நன்றாகக் கேட்கும் என்று சொல்லிவிடுங்கள், துணை அந்தப் பக்கமாக நடப்பார். ஒருவரிடம் மட்டும் பேசுவதால் கல்யாண மண்டபத்து இரைச்சல் இங்கே இல்லை. சாலையை ஒட்டி நடந்தால் வாகனப் பக்கம் துணையும் உள்பக்கம் நீங்களுமாக இருக்கட்டும். இரண்டும் ஒத்துவராவிட்டால் வாகனமில்லாத குளக்கரைக்குப் போய்விடுவதே நல்லது.

கூச்சமாக இருக்கிறது. என்ன பேசுவது?

பேசாமலே நடக்கலாம். முதல் வாரம் உங்களோடு ஒருவரை நடக்கச் சொல்வோம். அவருக்குத் தெரிந்த பேச்சு உங்களைக் கேள்வி கேட்பது அல்ல, சுண்டைக்காய் வற்றல் போடுவது எப்படி என்பது. வேலை, சம்பளம், சாதி, பிள்ளைக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை ஆகியவற்றைக் கேட்பதில்லை என்று வைத்திருக்கிறோம். கடைசிக் கேள்வியைத் தடுப்பது மட்டும் எங்களால் முழுதாக முடியவில்லை.

பேசக்கூடாதவை வேறு ஏதாவது?

அரசியல் பேசலாம், குரல் உயர்ந்தால் ஜோடியை மாற்றிவிடுவோம். சீட்டு, காப்பீடு, மனை விற்பனை, ஆளைச் சேர்த்தால் கமிஷன் தருகிற எந்த வியாபாரமும் கூடாது. நம்பிக்கை உள்ள இடத்தைத் தேடித்தான் இவை வரும். இதில் நாங்கள் கறார்.

மாத்திரைப் பரிமாற்றமும் கூடாது. "எனக்கு இது நன்றாகக் கேட்டது, நீங்களும் பாதி போட்டுப் பாருங்கள்" என்று அட்டையை நீட்டுகிற அன்பு ஆபத்தானது. பூங்கா வாசலில் விற்கும் அருகம்புல் சாறும் வாழைத்தண்டுச் சாறும் உங்கள் விருப்பம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கேட்டுக்கொண்டு குடியுங்கள். வாட்ஸ்அப் குழுவில் "வருகிறேன்", "இன்று இல்லை" தவிர வேறு எதுவும் வேண்டாம். காலை வணக்கப் பூங்கொத்துகளில் புதைந்து, முக்கியமான ஒரு செய்தி கண்ணில் படாமல் போனால் யாருக்கும் பயனில்லை.

முக்கியமான செய்தி என்று எதைச் சொல்கிறீர்கள்?

யார் வரவில்லை என்பதைத்தான். எங்கள் குழுவில் உருப்படியான வேலை இது ஒன்றுதான் என்றுகூடச் சொல்லலாம். நடை யாருக்கும் தெரியும், பேச்சும் வந்துவிடும். ஆனால் நாம் ஓரிடத்துக்கு வராவிட்டால் அங்கே இன்னொருவருக்கு அது தெரியவரும் என்ற நிலை, தனியாக வசிக்கிற பலருக்கு வாழ்க்கையில் வேறெங்கும் இல்லை. பால்காரர் பாக்கெட்டைப் பையில் போட்டுவிட்டுப் போய்விடுவார். பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைதான் கூப்பிடுவார்கள். வங்கிக்குக்கூட இப்போது நேரில் போக வேண்டியதில்லை.

ஆகவே தினமும் இருவர் பொறுப்பு. சொல்லாமல் வராதவருக்கு அன்றே ஒரு செய்தி அனுப்புவார்கள். மறுநாளும் இல்லை என்றால் தொலைபேசியில் கூப்பிடுவார்கள். எடுக்கவில்லை என்றால் நடையை அவர் வீட்டுப் பக்கமாகத் திருப்பிவிடுவோம். பெரும்பாலும் பேத்தி வந்திருப்பாள், செருப்பு அறுந்திருக்கும், முதல்நாள் யாரோ சொன்ன ஒரு வார்த்தையில் கோபமாக இருக்கும். கோபம் என்றால் வாசலிலேயே பேசித் தீர்த்துவிடலாம். ஒருமுறை காய்ச்சலோடு, சமைக்காமல், தண்ணீர்கூடச் சரியாகக் குடிக்காமல் படுத்திருந்த ஒருவரைப் போய்ப் பார்த்து மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. டெங்கு. "யாருக்கும் சிரமம் தரவேண்டாம் என்று பார்த்தேன்" என்றார்.

"ஏன் வரவில்லை?" என்று அதட்டிக் கேட்பதில்லை, அது பள்ளிக்கூடம் ஆகிவிடும். "இன்று உங்களைக் காணோமே" என்று தொடங்கினால் போதும். இப்படித் தேடுவது பிடிக்காதவர்களும் இருக்கிறார்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவர்களை விட்டுவிடுவோம்.

மனச்சோர்வுக்கு இது சிகிச்சை ஆகுமா?

துணையாகும், சிகிச்சைக்குப் பதில் ஆகாது. தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் பிடிப்பில்லாமை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, வாழவே வேண்டாம் என்று தோன்றினாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். மனநல ஆலோசனைக்கான அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, எந்நேரமும் தமிழில் பேசலாம். முதியோருக்கான தேசிய உதவி எண் 14567.

அரசு இதற்கு ஏதாவது செய்கிறதா?

தமிழக மக்கள் நல்வாழ்வுத் துறை "நடப்போம் நலம் பெறுவோம்" திட்டத்தை 2023 நவம்பர் 4 அன்று தொடங்கியது. மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் பாதை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை நடை, அங்கேயே ரத்த அழுத்தம், சர்க்கரைப் பரிசோதனை என்று ஏற்பாடு. டோக்கியோவில் பார்த்த ஒரு நடைபாதைதான் இதற்குத் தூண்டுதல். நல்ல தொடக்கம், ஆனால் எட்டு கிலோமீட்டர் எழுபது வயதுக்காரருக்கு அதிகம். மாதம் ஒருமுறை பார்த்தால் முகம்தான் ஞாபகம் இருக்கும், சிநேகம் வளராது. பரிசோதனைக்கு அங்கே போங்கள், மற்ற நாள்களுக்குத் தெருவிலேயே ஆள் தேடுங்கள்.

மருத்துவர்களே தொடங்கிவைத்த முன்மாதிரிகளும் உண்டு. இங்கிலாந்தில் வில்லியம் பேர்டு என்ற குடும்ப மருத்துவர் 1990களில் தன் கிராமத்து நோயாளிகளுக்காகத் தொடங்கிய நடை, பின்னாளில் நாடு தழுவிய திட்டமாக வளர்ந்தது. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் டேவிட் சாப்கிர் என்ற இதய மருத்துவர், நடக்கச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், 2005இல் "பூங்காவுக்கு வாருங்கள், நானும் நடக்கிறேன்" என்று அழைத்தார். நூறு பேருக்கு மேல் வந்துவிட்டார்கள்.

நமக்குக் கூட்டமாக நடப்பது புதிதல்ல. தைப்பூசத்துக்குப் பழனிக்கும், பௌர்ணமிக்குத் திருவண்ணாமலையின் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலத்துக்கும் அறிமுகமில்லாதவர்களோடு பேசிக்கொண்டே நடந்தவர்கள்தான் நாம். அந்த நடைகளில் ஏற்படும் சிநேகம் ஊர் திரும்பியதும் அறுந்துவிடுகிறது, அதுதான் குறை.

எங்கள் ஊரில் தொடங்க என்ன வேண்டும்?

மூன்று பேர், மாறாத ஓர் இடம், மாறாத ஒரு நேரம். மூவரில் ஒருவர் மட்டும் வந்தாலும் நடை உண்டு என்பது முதல் விதி. முதல் மாதத்தில் குழுக்கள் கலைவதற்குக் காரணம், "யாரும் வரவில்லை, நாளைக்குப் பார்ப்போம்" என்று திரும்பிப் போவதுதான். உட்கார ஒரு திண்ணை, பக்கத்தில் ஒரு கழிப்பறை, நடை முடிந்ததும் ஒரு டீக்கடை இருக்கிற இடமாகப் பாருங்கள். கழிப்பறை இல்லாத பாதைக்குப் பெரியவர்கள் வரமாட்டார்கள், காரணத்தையும் சொல்லமாட்டார்கள். டீக்கடையில் செலவாகும் கால்மணி நேரத்தையும் நடை நேரத்தோடு சேர்த்தே திட்டமிடுங்கள்.

தலைவர், செயலாளர், பொருளாளர் வேண்டாம். தேர்தல் வைத்த மறுமாதம் ஒரு குழு இரண்டு குழுவாகும். டீஷர்ட்டும் வேண்டாம், அதற்கு நன்கொடை தருகிறவர் பின்னால் ஏதாவது கேட்பார்.

கட்டணம்?

இல்லை. டீ அவரவர் காசு.

மழை, வெயில் நாள்களில்?

கத்திரி வெயிலில் காலை ஏழுக்குள் முடித்துவிடுவோம், தண்ணீர் பாட்டில் கட்டாயம். ஐப்பசி, கார்த்திகை மழையில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் வாகன நிறுத்தத் தளத்தில் நடக்க அனுமதி வாங்கியிருக்கிறோம். மார்கழிப் பனியில் ஆஸ்துமாக்காரர்கள் வெயில் வந்த பிறகு வந்தால் போதும்.

வீட்டு நாயை அழைத்துவரலாமா? தெருநாய்களுக்கு என்ன செய்வது?

கயிற்றில் கட்டி, தடுப்பூசி போட்ட நாய் என்றால் அழைத்துவரலாம், ஆனால் வரிசையின் கடைசியில். தெருநாய்கள் கூட்டத்தை அவ்வளவாக நெருங்குவதில்லை. குரைத்தால் ஓடாதீர்கள், கண்ணோடு கண் பார்க்காமல் மெல்ல விலகுங்கள். கடித்துவிட்டாலோ, பல் கீறினாலோ உடனே சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே வெறிநாய்க்கடித் தடுப்பூசி இலவசம். மஞ்சள், மிளகாய்ப்பொடி எதையும் வைத்துக் கட்டக்கூடாது.